தடுப்பூசியால் தோள் போனதா? அமெரிக்க இழப்பீடு பற்றிய கேள்வி பதில்

வழக்குத் தொடுப்பவர்கள் பக்கம் நிற்கும் வக்கீல் அலுவலகத்தில் கோப்பு பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன், நான் வக்கீல் இல்லை.

கேள்வி: ஃப்ளூ ஊசி போட்ட மருந்துக் கடை மேல் கேஸ் போடலாமா அண்ணா?

நேராகப் போட முடியாது. 1986 தடுப்பூசி இழப்பீட்டுச் சட்டப்படி முதலில் வாஷிங்டனில் இருக்கும் ஃபெடரல் கிளெய்ம்ஸ் கோர்ட்டுக்குத்தான் (மத்திய அரசிடம் பணம் கேட்கும் வழக்குகளைப் பார்க்கும் கோர்ட்) போகவேண்டும். எதிர்த்தரப்பு சுகாதாரத் துறைச் செயலர், பணம் வருவது ஒவ்வொரு தடுப்பூசி டோஸும் விற்கும்போது பிடிக்கும் வரியிலிருந்து. வலி தொடங்கி 3 வருடத்துக்குள் மனு போட்டாக வேண்டும், பாதிப்பும் 6 மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும்.

கேள்வி: இரண்டு மாதம் கழித்துத்தான் டாக்டரிடம் போனேன். தேறுமா?

தாமதம் மட்டும் கேஸைக் கவிழ்க்காது, டாக்டர் என்ன எழுதினார் என்பதுதான் கவிழ்க்கும். ஊசி போட்டு 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும். "சில வாரமாகத் தோள் வலி" என்று ஒரு வரி இருந்தால் அரசு வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொள்வார். "ஊசி போட்ட அன்று ராத்திரியே, சட்டை மாட்டக் கையைத் தூக்க முடியவில்லை" என்று இருந்தால் கதையே வேறு. அடுத்த தடவை போகும்போது தேதியோடு சொல்லுங்கள், உள்ளதை மட்டும். அப்புறம், அதே தோளில் முன்பே வலி இருந்திருந்தால் மறைக்காதீர்கள், பழைய ரெக்கார்டு எல்லாம் கேட்பார்கள்.

கேள்வி: எவ்வளவு கிடைக்கும்?

வலி, வேதனைக்கு உச்சவரம்பு 2,50,000 டாலர். அதை எதிர்பார்த்து உட்கார வேண்டாம், ஆபரேஷன் இல்லாத தோள் கேஸ்கள் பெரும்பாலும் ஒரு லட்சத்துக்குக் கீழேதான் முடிகின்றன. கைக்காசு போட்ட மருத்துவச் செலவும் சம்பள இழப்பும் தனிக் கணக்கு. பிசியோதெரபியைப் பாதியில் விட்டவர்களுக்குத் தொகை இறங்குவதைப் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் வலி குறைந்துவிட்டது என்றே அதற்கு அர்த்தம் எடுப்பார்கள்.

கேள்வி: செட்டில்மென்ட் தாளில் "ஊசியால் காயம் என்பதை அரசு மறுக்கிறது" என்று இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?

படித்ததும் கோபம்தான் வரும். ஆனால் சமரசத் தாள் என்றால் அந்த வாசகம் இருக்கும், காசோலையில் அது தெரியாது. அரசே தகுதி உண்டு என்று ஒப்புக்கொண்டால் தாள் வேறு வகை. பார்க்க வேண்டியது தொகையையும், மெடிக்கெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) உங்கள் சிகிச்சைக்குக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டால் அந்தப் பாக்கி யார் தலையில் விழுகிறது என்பதையும்.

கேள்வி: வக்கீல் எத்தனை சதவீதம் எடுப்பார்?

ஒரு சென்ட்கூட எடுக்கக் கூடாது. அவர் கூலியைக் கோர்ட் தனியாகத் தரும், நியாயமாகப் போட்ட கேஸ் என்றால் தோற்றாலும் தரும்.

கேள்வி: எனக்குக் கோவிட் ஊசி. இதே வழிதானா?

இல்லை. அது வேறு திட்டம்: ஊசி போட்டு ஒரு வருடத்துக்குள் விண்ணப்பம், வலிக்குப் பணம் கிடையாது, வக்கீல் செலவும் உங்களுடையதே. முதலில் ஊசி போட்ட தேதியைப் பாருங்கள்.