க்ரூஸர் பைக் வாங்க 70 சதவீதம் கையில் இருக்கிறது. மீதிக்குக் கடன் எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 44 வயது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் 150 சிசி பைக் ஓட்டினேன். அதன் பிறகு 17 ஆண்டுகளாகக் கார்தான். இப்போது 650 சிசி க்ரூஸர் வாங்க ஆசை. புது வண்டியின் விலை 100 என்று வைத்துக்கொண்டால், 70 சேர்த்துவிட்டேன். நான்கு மாதக் குடும்பச் செலவுக்கான அவசர நிதி தனியாக இருக்கிறது. மீதி 30-ஐ 8 சதவீத வட்டியில் மூன்று ஆண்டுக் கடனாக எடுக்கலாமா? இல்லை, பழைய வண்டியே போதுமா?

பதில்: கடன் வேண்டாம். பழைய வண்டியே வாங்குங்கள், அதற்கும் 70 முழுவதையும் கொட்டாதீர்கள்.

முதலில் அந்த 8 சதவீதம். அது குறைந்துவரும் பாக்கிக்குப் போடும் வட்டியா, கடைசி மாதம் வரை முழு அசலுக்கும் போடும் 'ஃபிளாட்' வட்டியா என்று கேளுங்கள். குறையும் பாக்கிக்கு என்றால் 30-க்கு மூன்று ஆண்டில் வட்டி சுமார் 3.8. ஃபிளாட் என்றால் 7.2. அதாவது 8 சதவீதம் என்று சொல்லி உங்களிடம் உண்மையில் வாங்குவது ஏறக்குறைய 14.5 சதவீதம். அந்த 7.2-க்கு ஒரு ஜோடி டயரும் நல்ல ஹெல்மெட்டும் வந்துவிடும்.

வட்டியைவிட என்னை யோசிக்க வைப்பது வேறு. புது வண்டியில் 100-ஐயும் போட்டுவிட்டால் ஹெல்மெட், ஜாக்கெட், காப்பீடு, பயிற்சி எல்லாமே அவசர நிதியிலிருந்துதான் போகும். தவணை ஓடும் காலத்தில் முழுக் காப்பீடு இருந்தே ஆக வேண்டும் என்று கடன் கொடுப்பவர் பெரும்பாலும் கேட்பார். அதுவும் சேர்ந்துகொள்ளும்.

உங்கள் 70-ஐ நான் இப்படிப் பிரிப்பேன்: வண்டிக்கு 48, கவச உடைக்கும் பயிற்சிக்கும் 12, வாங்கியவுடன் செய்யும் சர்வீஸ், டயருக்கு 6, பெயர் மாற்றம், காப்பீட்டுக்கு 4. காப்பீட்டுக் கட்டணம் இடத்துக்கும் மாடலுக்கும் ஏற்ப நிறைய மாறும். வண்டியைப் பேசி முடிக்கும் முன்பே, அதே மாடலைச் சொல்லி விலை கேட்டுவிடுங்கள். 17 ஆண்டுக்கு முன் இருந்த 'கிளெய்ம் இல்லாத' சலுகை இப்போது செல்லும் என்று நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

செலவு செய்யும் வரிசையும் முக்கியம். பயிற்சிக்குத்தான் முதல் பணம், அதுவும் பயிற்சிப் பள்ளியின் வண்டியில். ஹோண்டா ரெபெல் 500 சுமார் 190 கிலோ. ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியோர் 650 சுமார் 241 கிலோ. இரண்டிலும் இருக்கை தாழ்வு, கால் நன்றாக ஊன்றும், அதனால் லேசான வண்டி போலத் தோன்றும். ஆனால் பல ஆண்டுக்குப் பிறகு பைக்குக்குத் திரும்பி வருபவர்கள் வண்டியைக் கீழே போடுவது வேகத்தில் அல்ல, ஏறக்குறைய நின்ற நிலையில் திருப்பும்போது. ஹேண்டில் முழுக்கத் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி உள்பக்கம் சாயும். கொஞ்சம் சாய்ந்த பிறகு அத்தனை கிலோவைக் காலால் தாங்க முடியாது. லீவர், இண்டிகேட்டர், கண்ணாடி, டேங்கில் ஒரு நசுங்கல். ஒரே விழுகையில் இத்தனையும் போகும். சேதம் பெரும்பாலும் காப்பீட்டில் நாம் ஏற்க வேண்டிய தொகைக்குள்ளேயே அடங்கிவிடும் என்பதால், முழுச் செலவும் நம் பையிலிருந்துதான். விழுந்தால் அடியைத் தாங்கும் 'எஞ்சின் கார்டு' கம்பி போடுவதை அலங்காரமாக நினைக்காதீர்கள்.

பயிற்சி நடக்கும் மாதங்களில், தவணைக்கென்று நினைத்திருந்த தொகையை அவசர நிதியில் போடுங்கள். நான்கு மாதம் என்பது கார் ஓட்டுபவருக்குச் சரி. கணுக்கால் முறிந்தால் சில வாரம், சில மாதம் வேலைக்குப் போக முடியாது. ஆறு மாதச் செலவு கையில் இருக்கட்டும். உங்கள் விபத்துக் காப்பீட்டில் இருசக்கர வாகனத்துக்கு விலக்கு இருக்கிறதா என்று பாலிசியை எடுத்துப் படியுங்கள். ஏஜென்ட் வாயால் சொன்னது போதாது.

இனி அந்த 48-க்கு வண்டி பார்ப்பது. எட்டு வயசு, நாலாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்ற விளம்பரத்தில் மயங்க வேண்டாம். நின்ற வண்டிக்கும் செலவு உண்டு. டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. பட்டை நன்றாக இருந்தாலும் பழைய ரப்பர் இறுகிவிடும், ஈரத்தில் பிடிக்காது. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். கார்புரேட்டர் வண்டியில் பழைய பெட்ரோல் பிசினாகி, ஜெட் என்னும் நுண்துளையை அடைத்திருக்கும். இவை ஒவ்வொன்றும் பேரம் பேசத் தகுந்த காரணம்.

போனவுடன் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் வரும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால், குளிர்ந்த நிலையில் கிளம்பத் தகராறு செய்யும் வண்டியாக இருக்கலாம். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். மல்டிமீட்டரில் பேட்டரி, வண்டி நிறுத்திய நிலையில் 12.6 வோல்ட் அருகில் இருக்க வேண்டும். கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் 13.5-க்கு மேல் ஏற வேண்டும். ஏறாவிட்டால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஸ்டேட்டர் அல்லது ரெகுலேட்டர் போயிருக்கலாம், அது பேட்டரி மாற்றித் தீரும் செலவல்ல. பின் ஸ்பிராக்கெட்டின் (செயின் ஓடும் பற்சக்கரம்) பின்புறத்தில் செயினை இழுத்துப் பாருங்கள். பாதிப் பல் தெரியும் அளவுக்கு எழும்பினால் செயின், ஸ்பிராக்கெட் எல்லாம் செட்டாக மாற்ற வேண்டும். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயில் எண்ணெய் வளையம் இருந்தால் சீல் போயிருக்கிறது. கால் வைக்கும் ஃபுட்பெக்கின் அடிப்பக்கம் தேய்ந்திருந்தால் முந்தைய ஓனர் வளைவில் சாய்த்து ஓட்டியவர், அது குற்றமில்லை. ஃபுட்பெக் நுனியிலும் லீவர் நுனியிலும் சிராய்ப்பு இருந்தால் வண்டி விழுந்திருக்கிறது. அப்போது ஹேண்டில் நேராக இருக்கிறதா என்று பாருங்கள்.

எஞ்சின் சக்தியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் எது என்பதும் பணக் கணக்குதான். சூப்பர் மீட்டியோர், கவாசாகி வல்கன் எஸ் இரண்டும் செயின். நீங்களே சுத்தம் செய்து மசகு எண்ணெய் அடிக்கலாம், பிறகு செட் மாற்றும் செலவு வரும். யமஹா வி-ஸ்டார் 650, சுசுகி சி50 ஆகியவை ஷாஃப்ட், அதாவது செயினுக்குப் பதில் சுழலும் தண்டு. பின் கியர்பெட்டியில் அவ்வப்போது ஆயில் மாற்றினால் போதும். பழைய வண்டியாக வாங்கி, குறைவாக ஓட்டி, கையில் எண்ணெய் படுவதை விரும்பாதவர்களுக்கு நான் ஷாஃப்ட்டைத்தான் சொல்வேன்.

வாங்கிய பிறகு 'வண்டி உண்டியல்' ஒன்று தனிக் கணக்காக இருக்கட்டும். ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர் ஓட்டுவீர்கள், பின் டயர் 12,000 உழைக்கும் என்றால், டயர் விலையில் 24-ல் ஒரு பங்கை மாதாமாதம் போடுங்கள். பிரேக் ஆயிலுக்கும் அதே 24. பேட்டரியை நான்கு ஆண்டு என்று வைத்து 48-ஆல் வகுக்கலாம்.

சத்தமான சைலன்சருக்கு முதல் ஆண்டில் ஒதுக்கீடு கிடையாது. காற்றும் எரிபொருளும் கலக்கும் விகிதம் மாறி, எரிபொருள் அளவைத் திருத்தி அமைக்கும் 'மேப்பிங்'குக்கும் சேர்த்துப் பணம் கேட்கும். விற்கும்போது அந்தப் பணம் திரும்பாது. பொறுக்க முடியாமல் மாற்றினால், கழற்றிய ஒரிஜினலைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். அடுத்து வாங்குபவர் அதைத்தான் முதலில் கேட்பார்.