பேஸ்மென்ட்டில் ஒரு அப்பா

கேள்வி: பெல்லந்தூரில் ஐ.டி. வேலை. ஐந்து வயதில் ஒன்று, ஒன்றரை வயதில் ஒன்று என இரண்டு பிள்ளைகள். ஆபீஸ் முடிந்து வந்தால் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் காரை நிறுத்திவிட்டு இருபது நிமிடம் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறேன். எனக்கென்று கிடைப்பது அது ஒன்றுதான். தனிமை வேண்டும் என்று ஒரு அப்பா ஆசைப்படுவது சுயநலமா?
– பெயர் வேண்டாம், அல்சூர், பெங்களூரு-8

பதில்: ஆசை சுயநலம் இல்லை. ஆனால், அந்த இருபது நிமிடம் தனிமையும் இல்லை. அதற்குப் பெயர் ஒளிந்துகொள்வது. காருக்குள் என்ன செய்கிறீர்கள் என்று எழுதவில்லை. நானே சொல்லட்டுமா? சீட்டைச் சாய்த்துக்கொண்டு ரீல்ஸ். நடுவில் மேலிருந்து 'எங்க இருக்கீங்க?' என்று மெசேஜ். 'டொம்லூர் சிக்னல்' என்று உங்கள் பதில். பெங்களூரில் இந்தப் பொய்க்கு சாட்சியே தேவையில்லை!

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வேலை வருகிறது, பிள்ளைகள் வருகிறார்கள், கார்கூட வருகிறது. மனைவியைக் காணோம். நீங்கள் கீழே இருக்கும் அந்த இருபது நிமிடமும் சின்னதை இடுப்பில் வைத்துக்கொண்டு, பெரியதின் ஹோம்வொர்க்கைப் பார்த்தபடி குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருப்பது யார் சார்?

வேண்டியதை வாய்விட்டுக் கேளுங்கள். ஞாயிறு காலை இரண்டு மணி நேரம். கூர்க் ரிசார்ட்டெல்லாம் வேண்டாம். அல்சூரில் மெட்ரோ ஏறி மெஜஸ்டிக்கில் மாறினால் லால்பாக். ஞாயிற்றுக்கிழமை பாதி ஊர் அங்கேதான் நடக்கும். நடக்கட்டுமே, அதில் ஒருவரும் உங்களை 'அப்பா' என்று கூப்பிடப்போவதில்லை. கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் பாறைமேல் போய் உட்காருங்கள். ஏறக்குறைய 300 கோடி வருஷத்துப் பாறை. அதற்கு ஒரு அவசரமும் கிடையாது. போனை வீட்டில் வைத்துவிட்டு மெட்ரோ கார்டை மட்டும் எடுத்துப் போங்கள். முதல் அரை மணி நேரம் கை சட்டைப்பையைத் தடவிக்கொண்டே இருக்கும். அப்புறம் அலுத்துப்போய் விட்டுவிடும்.

சும்மா கிடைக்காது. முந்தின நாள், சனிக்கிழமை, அதே இரண்டு மணி நேரம் உங்கள் மனைவிக்கு. எங்கே போகிறார் என்று கேட்கக் கூடாது. 'வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வா' என்று சொல்லக் கூடாது. 'டயப்பர் எங்க இருக்கு?' என்று ஒரு போன் போனாலும் அந்தச் சனிக்கிழமை செல்லாது. மறுநாள் லால்பாக்கும் கட்!