விடியற்காலையில் மீன் மேலேறுவது ஏன்? பண்ணைக்குட்டையில் எருவின் கணக்கு

கேள்வி: எங்கள் 20 சென்ட் பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகள் 500 விட்டு ஐந்து மாதங்கள் ஆகின்றன. மீன் விரைவாகப் பெருக்கட்டும் என்று சென்ற மாதம் ஒரு டிராக்டர் சாணத்தை ஒரே நாளில் கொட்டினோம். தண்ணீர் கரும்பச்சையாகிவிட்டது. மூன்று நாள் மழைமூட்டத்துக்குப் பிறகு, விடியற்காலையில் மீன்கள் மேலேறி வாயைப் பிளக்கின்றன. வெயில் ஏறியதும் சரியாகிவிடுகிறது. சாணம் சத்துதானே, ஏன் இப்படி? இதில் விராலும் விடலாமா?

பதில்: செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாணத்தையும் தவிட்டையும் இன்றே நிறுத்துங்கள். நாளை அதிகாலை 3 மணி முதல் வெயில் ஏறும் வரை, மோட்டார் தண்ணீரை உயரத்திலிருந்து மழைபோல் சிதறி விழும்படி குட்டைக்குள் விடுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரில் ஆக்சிஜன் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும் என்பதால், குழாயை நீருக்குள் அமிழ்த்தி விடுவதில் பயனில்லை. வேறு தண்ணீர் இல்லையென்றால் குட்டைத் தண்ணீரையே இறைத்துச் சிதறவிடலாம்.

இனி காரணத்துக்கு வருவோம். சாணத்தில் உள்ள தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) நீரில் மிதக்கும் நுண்பாசிக்கு உணவாகின்றன. மாடு செரிக்காமல் விட்ட ஆற்றல் சிறிது சாணத்திலும் உண்டு. அதை பாக்டீரியா பயன்படுத்திக்கொள்கிறது. ஆனால் உங்கள் குட்டையில் மீனாக மாறும் ஆற்றலின் பெரும்பங்கு வெயிலிலிருந்து, பாசியின் வழியாகவே வருகிறது. பாசி ஓரளவுக்கு மேல் அடர்ந்துவிட்டால் வெளிச்சம் மேல்மட்டத்தோடு நின்றுவிடுகிறது. கீழே உள்ள பாசி ஒளியின்றி ஆக்சிஜனைச் செலவழிக்க மட்டுமே செய்கிறது. அந்த நிலைக்குப் பிறகு எத்தனை கூடை சாணம் போட்டாலும் மீன் கூடுதலாக வளராது, ஏனெனில் அங்கே பற்றாக்குறை எருவுக்கு அன்று, வெளிச்சத்துக்கு.

பகலில் பாசி ஆக்சிஜனை வெளியிடுகிறது. இரவிலோ பாசி, மீன், சாணத்தை மட்கச் செய்யும் பாக்டீரியா ஆகிய மூன்றும் அதே ஆக்சிஜனைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. மூட்டமான நாட்களில் பகல் வரவு குறைந்து, இரவுச் செலவு மட்டும் குறையாமல் இருப்பதால், விடியும் நேரத்தில் கையிருப்பு அடிமட்டத்துக்குப் போகிறது. கெண்டை இன மீன்களுக்கு ஒரு லிட்டர் நீரில் 5 மில்லிகிராம் ஆக்சிஜன் இருப்பது நலம். 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அவை திணறத் தொடங்கும். நீங்கள் பார்த்தது அதைத்தான்.

இதை அளக்க எளிய வழி உண்டு. வெயில் நேரத்தில், உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்படி கையை முழங்கை வரை மெதுவாக நீருக்குள் இறக்குங்கள். முழங்கை நனையும் இடத்தில் உள்ளங்கை மறைந்தால் பாசி அளவோடு இருக்கிறது. அதற்கு முன்பே மறைந்தால் எருவை நிறுத்த வேண்டும். முழங்கை நனைந்த பிறகும் கை தெளிவாகத் தெரிந்தால் கொஞ்சம் இடலாம். அப்போதும் மட்கிய சாணத்தைச் சிறு தவணைகளாகப் பிரித்து இடுவதே நல்லது.

விரால் கேள்விக்கு என் பதில், வேண்டாம் என்பதே. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு சிற்றேரியை ஆராய்ந்து, பாசி, அதைத் தின்னும் உயிர், அதையும் தின்னும் உயிர் என்று போகும் உணவுப்படிகளுக்கு இடையே ஆற்றல் எவ்வளவு கைமாறுகிறது என்று சூழலியலாளர் ரேமண்ட் லிண்டேமன் 1942-இல் கணக்கிட்டுக் காட்டினார். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குச் சராசரியாகப் பத்தில் ஒரு பங்குதான் சேர்கிறது என்பது பிற்கால ஆய்வுகளும் ஏற்கும் தோராயக் கணக்கு. மீதி, மூச்சிலும் அசைவிலும் வெப்பமாகவும், செரிக்காத கழிவாகவும் போய்விடுகிறது. ரோகு பாசியையும் தாவரப் பொருளையும், கட்லா பாசியை மேயும் நுண்ணிய மிதவை உயிரிகளையும், மிர்கால் அடியில் மட்கும் பொருளையும் தின்பதால், மூன்றும் வெயிலுக்கு நெருக்கமான படிகளில் நிற்கின்றன. விரால் மீனைத் தின்னும் மீன். நீங்கள் காசு கொடுத்து வாங்கிவிட்ட குஞ்சுகளே அதற்கு இரையாகும். ஜிலேபி மீன் வரம்பின்றிக் குஞ்சு பொரித்து நிறைந்துவிட்ட குட்டையாக இருந்தால் மட்டும், அதைக் கட்டுப்படுத்தச் சில விரால்களை விடலாம்.

வெப்பமாகப் போன ஆற்றல் திரும்பி வராது. தழைச்சத்தும் மணிச்சத்தும் அப்படியல்ல. மீன் கழிக்கும் அம்மோனியாவைப் பாசி மீண்டும் எடுத்துக்கொள்கிறது, இறந்த பாசி அடியில் படிந்து மட்கி மறுபடி நீரில் கரைகிறது. இடும் தீவனத்தின் தழைச்சத்தில்கூடக் கால் பங்கு அளவே மீனின் உடலில் தங்குகிறது. மீதியில் பெரும்பகுதி உங்கள் குட்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. அடிச்சேற்றை ஒரு கை அள்ளிப் பாருங்கள்: கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால், காற்றில்லாமல் மட்கும் கழிவு அங்கே மிகுந்துவிட்டது என்று பொருள்.

எனவே அறுவடை முடிந்ததும் குட்டையை வடித்து, தரை பாளம் பாளமாக வெடிக்கும் வரை காயவிடுங்கள். காய்ந்த வண்டலில் மேல் அடுக்கை வெட்டி வாழைக்கோ தென்னைக்கோ அடியுரமாகப் போட்டுவிட்டு, மண்ணின் புளிப்புத்தன்மையைப் பார்த்துச் சுண்ணாம்பு இட்ட பிறகு தண்ணீர் கட்டுங்கள்.