வெளிநாட்டுப் பட்டமா, வீட்டு மூலையில் ஓடும் பழைய கணினியா?

அம்மா, உயர்தரத்தில் கணிதப் பிரிவில் சித்தியடைந்தும் உங்கள் மகனுக்கு அரச பல்கலைக்கழகத்துக்கான வெட்டுப்புள்ளி எட்டவில்லை. கொழும்பில் தனியார் நிறுவனமொன்று நடத்தும் வெளிநாட்டுப் பட்டப்படிப்பில் சேர்க்கும்படி கனடாவிலிருந்து சித்தப்பா நெருக்குகிறார். முதல் தவணைக்கு நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கவலை நியாயமானது. ஆனால் அடகு வைக்க வேண்டாம்.

நகை முதல் தவணையோடு தீர்ந்துவிடும். அடுத்த தவணைகளுக்கும் கொழும்பில் அறை வாடகைக்கும் என்ன வழி? பட்டத்தின் பெயரைக் கல்யாண வீடுகளில் சொல்லப்போவது உறவினர்கள். வட்டி கட்டப்போவது நீங்கள்.

கழித்துவிட்ட கணினியோடு மகன் இரவெல்லாம் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று குறைபட்டிருந்தீர்கள். அவன் வீட்டுச் சேர்வர் அமைக்கிறான்; அதாவது மற்றக் கணினிகளுக்குக் கோப்புகளையும் சேவைகளையும் வழங்கும் கணினி. வங்கி, வைத்தியசாலை, ஹோட்டல் எதுவானாலும் உள்ளே ஓடும் சேர்வர்களைப் பராமரிக்க ஆள் வேண்டும். அந்த வேலைக்கான பயிற்சி இதுதான்.

64 பிட் செயலியும் 4 ஜிபி நினைவகமும் (ரேம்) தொடங்கப் போதும். டெபியன் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை யூஎஸ்பியிலிருந்து, வரைகலைத் திரை இல்லாமல் நிறுவட்டும். பிறகு திரையையும் விசைப்பலகையையும் கழற்றிவிட்டு, வேறொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாக இயக்கப் பழகட்டும். ரவுட்டரில் அதற்கு மாறாத ஐபி முகவரி (வலையமைப்பில் கணினியைக் காட்டும் எண்) ஒதுக்கி, கோப்புகளைப் பகிரும் சம்பா மென்பொருளை நிறுவினால் வீட்டாரின் படங்கள் எல்லாம் ஓரிடத்தில் சேரும். பழைய வன்தட்டை மட்டும் நம்பக் கூடாது. வன்தட்டு தன் நிலையைத் தானே காட்டும் ஸ்மார்ட் பரிசோதனையில், பழுதாகி மாற்றப்பட்ட செக்டர்களின் (தட்டின் சிறு பகுதிகளின்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் அதை ஒதுக்கிவிட வேண்டும். சித்தப்பாவுக்கு உதவ மனமிருந்தால் படங்களைப் பிரதி எடுத்து வைக்கப் புதிய வன்தட்டு ஒன்று வாங்கித் தரட்டும். எடுத்த பிரதியிலிருந்து ஒரு கோப்பையாவது மீட்டுப் பார்க்காதவரை அதைப் பிரதி என்று நான் ஏற்கமாட்டேன்.

திருகோணமலையின் உப்புக்காற்றும் இதில் ஒரு பாடம். கணினி பீப் ஒலி எழுப்பிவிட்டு எழும்பாமல் நின்றால், மின்னிணைப்பைத் துண்டித்து, நினைவகத்தைக் கழற்றி, உப்புக்காற்றில் மங்கிப்போன தொடுமுனைகளைத் துடைத்துப் பொருத்திப் பார்க்கட்டும். மாரியில் இடி முழங்கத் தொடங்கினால் மின்வயரையும் ரவுட்டர் வயரையும் பிடுங்கிவிட வேண்டும்.

செலவில் கண்டிப்பாக இருங்கள். 60 வாட் இழுக்கும் கணினி இரவுபகலாக ஓடினால் மாதத்துக்கு 43 அலகு மின்சாரம். அலகு கூடக்கூட விலைப்படியும் ஏறும். 15 வாட்டில் ஓடும் பழைய மடிக்கணினி கிடைத்தால் 11 அலகோடு முடியும். அதன் மின்கலம் வீங்கியிருந்தால் ஒரு நாளும் பாவிக்க விடாதீர்கள். இணையத்திலிருந்து யாரும் நுழையும்படி ரவுட்டரைத் திறந்துவிடவும் கூடாது. வெளியிலிருந்து தேவைப்பட்டால், மறைகுறியாக்கிய தனி இணைப்புத் தரும் வயர்கார்ட் மென்பொருள் போதும்.

சான்றிதழ் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பி.ஐ.டி. (தகவல் தொழில்நுட்ப இளமாணி) வெளிவாரிப் பட்டம் 2000ஆம் ஆண்டிலிருந்து நடக்கிறது. வீட்டிலிருந்தே படித்துப் பரீட்சை எழுதலாம். பரீட்சை ஆங்கிலத்தில்தான். ஆகவே சேர்வர் காட்டும் ஒவ்வொரு பிழைச் செய்தியையும் மகன் ஒரு கொப்பியில் அப்படியே எழுதி, காரணத்தையும் தீர்த்த விதத்தையும் கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதட்டும். நேர்முகத்துக்குப் போகும்போது அந்தக் கொப்பியையும் கொண்டுபோகச் சொல்லுங்கள்.