மூன்று முறையும் நேர்காணலில்தான் போனதா?

அம்மா, உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருந்தன: மென்பொருள் வேலைக்கான நேர்காணலில் மகள் ஏன் மூன்று முறையும் தோற்றாள், பணம் கொடுத்து வேலை வாங்கலாமா. இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். இரண்டு லட்சம் கொடுத்தால் பெரிய கம்பெனியில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்பவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வேலைக்குப் பணம் வாங்குவதில்லை என்று டிசிஎஸ், இன்ஃபோசிஸ் போன்ற நிறுவனங்களே எச்சரித்திருக்கின்றன. கூடவே அவர் தருவதாகச் சொல்லும் இரண்டு வருட அனுபவச் சான்றிதழ் இன்னும் ஆபத்து. வருங்கால வைப்பு நிதிக் கணக்கைப் பார்த்தாலே எந்த நிறுவனம் எந்த மாதம் பணம் கட்டியது என்று தெரிந்துவிடும். சேர்ந்த பிறகு மாட்டினாலும் வேலை போகும். நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

இனி உங்கள் மகள். எழுத்துத் தேர்வில் தேறுகிறாள், நேர்காணலில் கழித்துவிடுகிறார்கள், ராசியில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சனிக்கிழமை அவளிடம் போனில் அரைமணி நேரம் பேசினேன். ராசிக்கு இதில் வேலையே இல்லை.

ஒரு சின்னக் கணக்குக் கொடுத்தேன்: பட்டியலில் இருக்கும் இரண்டாவது பெரிய எண்ணைக் கண்டுபிடிக்க நிரல் (கணினி ப்ரோகிராம்) எழுது. “சரி சார்” என்றாள். பிறகு நான்கு நிமிடம் பேச்சே இல்லை. எழுதியதைப் படித்துக்காட்டினாள்: எண்களை இறங்குவரிசையில் அடுக்கி இரண்டாவதை எடுக்கிறாள். 9, 9, 7 கொடுத்தால் என்ன வரும் என்றேன். மறுபடி மௌனம். அவள் நிரல் 9 என்று சொல்லும்; கேட்டவர் நினைத்தது 7 ஆகவும் இருக்கலாம். கேள்வியே அரைகுறையானது, வேண்டுமென்றேதான் அப்படிக் கேட்பார்கள். “ஒரே எண் இரண்டு முறை வரலாமா? பட்டியலில் ஒரே ஒரு எண்தான் இருந்தால்?” என்று அவள் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். அடுக்காமலே முடியுமா என்றும் கேட்டேன். யோசித்து, முதலிடம், இரண்டாமிடம் இரண்டை மட்டும் நினைவில் வைத்துப் பட்டியலை ஒருமுறை பார்த்துவந்தால் போதும் என்றாள். சரியான விடை! பத்து லட்சம் எண்களை அடுக்க ஏறத்தாழ இரண்டு கோடி ஒப்பீடுகள் ஆகும். இந்த வழியில் இருபது லட்சத்தைத் தாண்டாது. இவ்வளவும் தெரிந்த பெண் வாயைத் திறப்பதில்லை. எதிரில் இருப்பவர் அந்த நான்கு நிமிடத்தை ‘தெரியவில்லை’ என்றுதான் எடுத்துக்கொள்வார்.

ஆங்கிலம்தான் குறை என்று பதினைந்தாயிரம் கட்டி வகுப்பில் சேர்க்கப் பார்க்கிறீர்கள். வேண்டாம். நீங்கள் காய் நறுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, அன்று போட்ட கணக்கைத் தமிழில் உங்களுக்கு விளக்கட்டும். உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதில்லை; ‘அது ஏன்?’ என்று நடுநடுவே கேட்டால் போதும். பத்து நாள் கழித்து அதையே சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில் சொல்லிப் பார்க்கட்டும். புதிர்ப் புத்தகத்தையும் மூடச் சொல்லுங்கள். எழுத்துத் தேர்வோடு அதன் உபயோகம் முடிந்தது. நேர்காணலில் புதிர் போடுவது வீண் என்று கூகுளின் அன்றைய மனிதவளத் தலைவர் லாஸ்லோ பாக் 2013லேயே சொல்லிவிட்டார்.

இன்னொன்று, அவள் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். ரெஸ்யூமேயில் இருக்கும் ‘முக அடையாள வருகைப் பதிவு’ ப்ராஜெக்ட் கடையில் வாங்கியது. கோபித்துக்கொள்ளாதீர்கள், பாதி வகுப்பு அப்படித்தான். ஆனால் நேர்காணல் செய்பவர் முதலில் தோண்டுவது அந்த இடத்தைத்தான். அதை எடுத்துவிட்டு, உங்கள் மளிகைக்கடைப் பற்று நோட்டைக் கணினியில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். யார், என்ன வாங்கினார், எவ்வளவு பாக்கி. பார்க்கச் சாதாரணம்தான், ஆனால் ஒவ்வொரு வரியையும் ஏன் அப்படி எழுதினாள் என்று அவளால் சொல்ல முடியும்.

அடுத்த நேர்காணல் 18ஆம் தேதி என்றாள். இரண்டு நாள் முன்பு என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள். பாக்கி வைத்தவர் பாதிப் பணம் மட்டும் கொடுத்தால் நோட்டில் நீங்கள் எப்படி எழுதுவீர்கள் என்று உங்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வரட்டும். அங்கிருந்துதான் ஆரம்பிப்பேன்.