நடிகர் யாராகவும் நடிக்கலாம் என்றால் 'மிஸ் சைகான்' இசை நாடகத்துக்கு ஏன் அவ்வளவு எதிர்ப்பு?

யாராகவும் மாறலாம் என்பது உண்மைதான். அந்த வசதி ஒரு பக்கத்துக்கு மட்டுமே இருந்தது என்பதுதான் புகார். வெள்ளைக்கார நடிகர் ஆசியராக வேஷம் கட்டலாம்; ஆசிய நடிகரை வெள்ளைக்காரப் பாத்திரத்துக்கு ஆடிஷனுக்கே கூப்பிட மாட்டார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு 1990-ல் நடந்ததைப் பாருங்கள்.

நாடகம் 1989 செப்டம்பரில் லண்டனில் அரங்கேறியது. அதில் 'எஞ்சினியர்' என்றொரு பாத்திரம்: பாதி பிரெஞ்சு, பாதி வியட்நாமியத் தரகன். நடித்தவர் வேல்ஸ்காரரான ஜொனாதன் பிரைஸ். கண் இமைமேல் ஒட்டு வைத்து, தோலுக்கு மாநிறப் பூச்சு பூசி மேடையேறினார். பாத்திரம் பாதி ஐரோப்பியன்தானே, வெள்ளைக்காரர் நடித்தால் என்ன என்று கேட்டார்கள். அப்படியானால் அந்த ஒட்டு எதற்கு? பாத்திரத்தின் எந்தப் பாதியைக் காட்ட அது தேவைப்பட்டது என்பதிலேயே பதில் இருக்கிறது.

1990-ல் நாடகம் அமெரிக்காவுக்கு வரவிருந்தபோது நடிகர் பி.டி. வாங், நாடகாசிரியர் டேவிட் ஹென்றி ஹுவாங் இருவரும் அமெரிக்க மேடை நடிகர்களின் தொழிற்சங்கமான 'ஆக்டர்ஸ் ஈக்விட்டி'க்கு எதிர்ப்புக் கடிதம் எழுதினார்கள். ஆகஸ்ட் 7 அன்று சங்கம் பிரைஸுக்கு அனுமதி மறுத்தது. மறுநாளே தயாரிப்பாளர் கேமரூன் மேக்கின்டாஷ் 1 கோடி டாலர் செலவிலான அமெரிக்க மேடையேற்றத்தையே ரத்து செய்தார். முன்பதிவில் மட்டும் சுமார் 2.5 கோடி டாலர் சேர்ந்திருந்த நேரம் அது. ஆகஸ்ட் 16 அன்று சங்கம் பின்வாங்கியது.

சங்கம் ஏன் தோற்றது? எடுத்த ஆயுதம் தப்பு. வெளிநாட்டு நடிகரை அனுமதிக்கும் விதியில் பார்க்க வேண்டியது, அவர் உலகப் புகழ் பெற்றவரா என்பது. பிரைஸ் 1977-லேயே அமெரிக்க நாடகத் துறையின் பெரிய விருதான டோனி விருது வாங்கியவர். அந்தக் கேள்விக்கே இடமில்லை. இனத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாத விதியை வைத்து இனப் பிரச்சினையைத் தீர்க்கப் பார்த்தால், மத்தியஸ்தத்துக்குப் போனாலும் நிற்காது. அதோடு, நாடகம் நின்றால் அதிலிருந்த ஆசிய வேடங்களும் போய்விடும். பிழைப்பு போகிறதே என்று சங்க உறுப்பினர்களே மறுபரிசீலனை கேட்டு மனு கொடுத்தார்கள்.

பிரைஸ் கண் ஒட்டு இல்லாமலேயே நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் நடித்து 1991-ல் டோனி வாங்கினார். மணிலாவில் ஆடிஷனில் தேர்வாகிக் கதாநாயகியாக நடித்த லியா சலோங்காவும் வாங்கினார். ஆனால் நான் முக்கியமாகப் பார்ப்பது அதற்குப் பிறகு நடந்ததைத்தான். பிரைஸ் விலகியதும் அந்த வேடம் ஃபிரான்சிஸ் ருயிவிவாருக்குப் போனது. அதன்பின் வந்தவர்களும் ஆசிய வம்சாவளியினரே. நாடகம் 2001 வரை 4,092 காட்சிகள் ஓடியது. தகுதியான ஆசிய நடிகர் கிடைக்கவில்லை என்று தயாரிப்புத் தரப்பு 1990-ல் சொன்னதற்கு, அதே மேடையே மறுப்பு சொல்லிவிட்டது. 2014 லண்டன் மறுமேடையேற்றத்தில் எஞ்சினியராக வந்த ஜான் ஜான் பிரியோனஸ், 1989-லேயே அந்த நாடகத்தின் குழு நடிகர்.

ஆகவே இப்படி ஒரு சர்ச்சை வந்தால் போஸ்டரில் இருக்கும் முகத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். அண்டர்ஸ்டடி, அதாவது நடிகர் வராத நாளில் அவருக்குப் பதில் மேடையேறுபவர் யார், முதல் நடிகர் போனதும் யாரைப் போட்டார்கள் என்று பாருங்கள். அப்புறம் ஆடிஷன் அறிவிப்பின் வாசகம். 2016-ல் 'ஹாமில்டன்' என்ற அமெரிக்க இசை நாடகத்தின் ஆடிஷன் விளம்பரம் வெள்ளையர் அல்லாத நடிகர்கள் தேவை என்று கேட்டு மாட்டிக்கொண்டது; நோக்கம் நல்லதுதான், வாசகம்தான் கோளாறு. பாத்திரம் யார் என்று எழுதலாம், விண்ணப்பிப்பவரைத் தோல் நிறத்தை வைத்து வாசலிலேயே தடுக்கக் கூடாது. எல்லா இனத்தவரும் வரலாம் என்று பிறகு வாசகத்தை மாற்றினார்கள்.

கடைசியாக உரிம ஒப்பந்தம், அதாவது படைப்பை மேடையேற்ற அதன் உரிமையாளர்கள் அனுமதி தரும் ஒப்பந்தம். கதையே நிறவெறியைப் பற்றியது என்றால் இங்கேதான் பிடி இறுக்கமாக இருக்க வேண்டும். ஆனால் நிபந்தனை போட்டால் மட்டும் போதாது, சரிபார்க்க வழியும் வேண்டும். அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வினின் 'போர்கி அண்ட் பெஸ்' ஓபராவைக் கறுப்பினக் கலைஞர்களை வைத்துத்தான் போட வேண்டும் என்பது அவர் குடும்பத்தார் போட்ட நிபந்தனை. 2018-ல் புடாபெஸ்டில் வெள்ளையர்களை வைத்தே போட்டார்கள். அடுத்த ஆண்டு மறுபடி மேடையேற்றியபோது, ஆப்பிரிக்க-அமெரிக்க அடையாளம் தங்களுடையது என்று ஒரு தாளில் எழுதித் தரும்படி ஹங்கேரியப் பாடகர்களிடம் கேட்டது அரங்க நிர்வாகம். அவர்களில் பலர் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்கள்.