வியந்து பார்ப்பதும் வியக்கும்படி பார்ப்பதும்

அன்புள்ள ஐயா,

ஓர் ஆங்கிலச் சிறுகதையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் தம்பி மரம் ஏறுவதை அக்கா 'அட்மைரிங்லி' (admiringly) பார்க்கிறாள். 'பாராட்டத்தக்க வகையில் பார்த்தாள்' என்று எழுதினேன். நண்பர் அது தப்பு, 'ஆச்சரியத்துடன்' என்று போடு என்கிறார். அதுவும் ஒட்டவில்லை. 'அட்மைரப்லி' (admirably) என்று இன்னொரு சொல் இருக்கிறதே, இரண்டும் ஒன்றுதானா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் வாக்கியத்தில் மரம் ஏறியது தம்பி, பாராட்டு வாங்கியது அக்கா. 'பாராட்டத்தக்க வகையில் பார்த்தாள்' என்றால் அடடா, என்னமாய்ப் பார்க்கிறாள் என்று அவள் பார்வையை அல்லவா நாம் மெச்சுகிறோம்?

இரண்டும் ஒன்றல்ல. அட்மைரிங்லி என்றால் வியப்பு, காரியத்தைச் செய்கிறவர் மனதில் இருக்கிறது. நீங்கள் சொல்லும் மற்றது (அதை அட்மிரப்லி என்று முதல் அசையை அழுத்திச் சொல்ல வேண்டும், 'மை' அங்கே 'மி' ஆகிவிடும்) செய்த காரியத்தைப் பற்றியது, வியப்பு அதைப் பார்க்கிற நமக்கு. ஒரே வினையோடு சேர்த்துப் பாருங்கள். 'ஷி ஸ்போக் அட்மைரிங்லி' என்றால் யாரையோ உயர்வாகப் பேசினாள். 'ஷி ஸ்போக் அட்மிரப்லி' என்றால் பிரமாதமாகப் பேசினாள், அவ்வளவுதான். பேச்சு முழுக்க அந்த ஆளைக் கிழித்துத் தொங்கவிட்டுக்கூட இருக்கலாம். என்வியஸ்லி, என்வியப்லி என்ற ஜோடியும் இப்படித்தான்: முதலாவதில் பொறாமைப்படுகிறவர், இரண்டாவதில் மற்றவர் பொறாமைப்படும்படி இருக்கிறவர்.

சேர்க்கையும் வேறு. அட்மைரிங்லி பெரும்பாலும் பார்ப்பது, பேசுவது, தலையாட்டுவது, விசிலடிப்பது போன்ற வினைகளோடுதான் வரும். அட்மிரப்லி சமாளிப்பது, நடந்துகொள்வது, பொருந்துவது போன்றவற்றோடு வரும், 'அட்மிரப்லி கிளியர்' (மெச்சும்படி தெளிவான) என்று பெயரடைக்கு முன்னாலும் உட்காரும். அந்த இடத்தில் அட்மைரிங்லியைப் போட்டால் நிற்காது.

சரி, நண்பரின் 'ஆச்சரியத்துடன்'. அவரை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. அட்மைர் என்பதன் லத்தீன் மூலத்துக்கு வியத்தல் என்றுதான் பொருள், மிரக்கிள்கூட அந்தக் குடும்பம்தான். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டில், இறந்துபோன அரசனின் ஆவியைக் கண்டதாக ஹாம்லெட்டிடம் அவன் நண்பன் ஹொரேஷியோ சொல்ல வரும்போது, உங்கள் 'அட்மிரேஷனை'க் கொஞ்சம் அடக்கிக்கொண்டு கேளுங்கள் என்கிறான். அங்கே யாரும் யாரையும் மெச்சவில்லை, அது வெறும் திகைப்பு. இன்றைய ஆங்கிலத்தில் திகைப்பு ஏறக்குறையத் தேய்ந்து மதிப்பும் பிரியமும்தான் எஞ்சியிருக்கின்றன. தம்பி மரம் ஏறுவதை அந்த அக்கா தினமும் பார்க்கிறவளாக இருக்கலாம். ஆச்சரியமே இல்லாமல் அட்மைரிங்லி பார்க்க முடியும்.

தமிழில் 'வியப்பு' என்ற பெயர்ச்சொல் ஆச்சரியத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. 'வியந்து' அப்படி முழுக்கச் சாயவில்லை. 'பெரியோரை வியத்தலும் இலமே' என்று கணியன் பூங்குன்றன் சொன்னபோது பெரியவர்களைக் கண்டு திடுக்கிடுவதில்லை என்றா சொன்னார்? அதனால் 'வியப்புடன் பார்த்தாள்' என்பதைவிட 'வியந்து பார்த்தாள்' நமக்குப் பக்கத்தில் வருகிறது. ஆனால் எல்லா இடத்திலும் அதையே ஒட்டவைக்காதீர்கள். பேசுகிற இடமென்றால் 'சிலாகித்தார்' என்ற ஒரே வினை போதும், வினையடையே தேவைப்படாது. 'மெச்சி' நல்ல சொல், ஆனால் என் காதுக்கு அது மேலிருந்து கீழே வருகிற சொல். ஆசிரியர் மாணவனை மெச்சுவார், மாணவன் ஆசிரியரை மெச்சினால் கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமாகக் கேட்கும். ஆங்கிலச் சொல்லுக்கு இந்த வயது வித்தியாசமெல்லாம் கிடையாது, நாம்தான் பார்த்துப் போட வேண்டும். உங்கள் கதையில் அக்கா பார்க்கிறாள் என்பதால் 'தம்பி ஏறுவதை மெச்சியபடி பார்த்துக்கொண்டு நின்றாள்' என்று நான் போடுவேன். தங்கை அண்ணனைப் பார்த்திருந்தால் 'வியந்து'தான். 'பெருமையாக' என்று எழுதக் கை துறுதுறுக்கும், எழுதாதீர்கள். பெருமையில் 'என் தம்பியாக்கும்' என்ற உரிமை வந்துவிடும். கதாசிரியர் அதைச் சொல்லவில்லை. 'சொக்கிப்போய்' வேண்டவே வேண்டாம், கதையே மாறிவிடும்.

அப்புறம், இந்தச் சொல்லுக்கு முன்னால் 'ஹாஃப்' போட்டு 'ஹாஃப் அட்மைரிங்லி' என்றும் எழுதுவார்கள், பெரும்பாலும் எதிராளியைப் பற்றி. பிடிக்கவில்லை, ஆனாலும் ஒத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை என்கிற நிலை. அதைப் 'பாதி வியப்புடன்' என்று அளந்து ஊற்றாமல், 'ஆள் கில்லாடிதான் என்பதுபோலப் பார்த்தான்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.